அமலோற்பவம் அக்கா வறுத்த சோலோன் கறி

உப்பளம் பேட்டையில் எங்கள் தெருவில் யார் வேண்டுமானாலும் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லலாம். அமலோற்பவம் அக்கா மட்டும் சொல்லமாட்டாள். “அதுல என்னா இருக்குது, செஞ்சா வந்துட்டுப் போவுது” என்பாள். ஒருமுறை யாரோ சவால் விட்டார்கள் என்று சைக்கிளில் ஏறி உட்கார்ந்து நேராகச் சாக்கடைக்குள் போய் விழுந்தாள். எழுந்து புடவையை உதறிக்கொண்டு அவள் சொன்னது இதுதான்: “பிரேக் சரியில்ல.”

அவள் தொழில் துணிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போடுவது. கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, பின்கட்டில் ஒரு கொட்டகை போட்டு இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். வெள்ளைக்காரர் வீட்டு மேசை விரிப்புகளும் கன்னியாஸ்திரிகளின் முக்காடுகளும் அவளிடம்தான் வந்தன. ஐம்பத்து நான்கில் பிரெஞ்சுக் கொடி இறங்கி, பல வெள்ளைக்காரக் குடும்பங்கள் கப்பலேறியபோது, அமலோற்பவத்தின் பெட்டி இனி ஆறிவிடும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஆனால் மதராஸிலிருந்து புது அதிகாரிகள் கதர் உடுத்திக்கொண்டு வந்து இறங்கினார்கள். “வெள்ளைக்காரன் துணிக்கு ஒரு கை மாவுன்னா கதருக்கு ரெண்டு கை. யாரு வந்தா எனக்கு என்னா?” என்று அக்கா பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

அவளுடைய தம்பி இராயப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தா. ஐம்பத்தாறில் அவர் சைகோனிலிருந்து திரும்பி வந்தபோது கூடவே மனைவியையும் அழைத்து வந்தார். அவள் பெயர் லின். சைகோனை ஒட்டிய சோலோன் என்ற சீனர் பேட்டையில் ஒரு தையற்காரரின் மகள். கறுப்புப் பட்டுக் கால்சட்டையும் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையுமாக ரிக்‌ஷாவிலிருந்து இறங்கியபோது தெருவே வாசலில் நின்றது. பெட்டி படுக்கையைத் தூக்கப் பலர் ஓடினார்கள். ஒரு துணிமூட்டையை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. உள்ளே ஒரு புட்டி இருந்தது. அதில் கறுப்பாக ஒரு சாறு. சோயா என்ற பயறிலிருந்து எடுப்பது என்றும், அவர்கள் ஊரில் உப்புக்குப் பதில் அதைத்தான் ஊற்றுவார்கள் என்றும் இராயப்பன் சொன்னார்.

அடுத்த வருஷம் லின் கர்ப்பமானாள். அதிலிருந்து சாப்பாடு நின்றுபோயிற்று. சாம்பார் வாசனைக்கு எழுந்து ஓடுவாள். மீன்குழம்புக்கு மூக்கைப் பொத்துவாள். கொஞ்சம் அரிசிக் கஞ்சி, ஒரு வாழைப்பழம், காலையில் ஒரு துண்டு ரொட்டி, அவ்வளவுதான். மருத்துவச்சி வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்தச் செய்தி தெருக்குழாய்க்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? எதிர்வீட்டுக் கன்னியம்மாள் குடத்தை வைத்துக்கொண்டு தயாராக நின்றாள்.

“என்னாடி அமலு, உன் தம்பி பொண்டாட்டி எலும்பும் தோலுமா நடந்துகினு இருக்கா? நாத்தனாருக்காரி சோறு போடறதில்லையா?”

“போட்டா துன்னமாட்டேங்குறா.”

“புடிச்சதைப் போட்டா துன்னுவா. மாசமா இருக்கிறவ ஆசைப்பட்டது கெடைக்கலன்னா பொறக்கற புள்ளைக்குக் காதுல சீழ் வடியும். ஒனக்கு எங்க அதெல்லாம்...”

கன்னியம்மாள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. பிள்ளை பெறாதவளுக்கு என்ன தெரியும் என்பதுதான் மீதி. சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் அது புரிந்தது. அமலோற்பவம் அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“கேட்டுக்கோ கன்னியம்மா. ஏழாம் மாசம் வளைகாப்பு. அன்னிக்கு நீயும் வருவ. ஒன் கண்ணு முன்னால என் தம்பி பொண்டாட்டி தட்டு நெறைய சாப்புடலன்னா, நான் இந்தக் கொழாய்க்குத் தண்ணி புடிக்க வரமாட்டேன்.”

எங்கள் தெருவில் வேறு குழாய் கிடையாது.

வீட்டுக்குப் போனதும் தம்பியைக் கூப்பிட்டாள். “டேய் ராயப்பா, என்னா வேணும்னு அவகிட்ட கேளுடா. வாயத் தொறந்து சொல்லச் சொல்லு.” அவர் பிரெஞ்சில் கேட்டார். லின் முதலில் தலையை ஆட்டினாள். பிறகு பேச ஆரம்பித்தாள். கைகள் இரண்டும் எதையோ தூக்கிப் போட்டுப் பிடித்தன. ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை.

“மாட்டுக்கறி, அக்கா” என்றார் இராயப்பன். “சீனத்து மாதிரி.”

“இவ்ளோ நேரம் பேசினாளே, இவ்ளோதானா?”

“அவங்க தையக்கடைக்குக் கீழ ஒரு சாப்பாட்டுக் கடை. பெரிய சட்டி வெச்சிருப்பான். கறியப் போடுவான், ரெண்டு தடவ பெரட்டித் தூக்குவான், எடுத்துடுவான். அதான்.”

“வேகறதுக்குள்ளயா?”

“வெந்துடும்.”

“பொய் சொல்லாதடா. அது மாடு. முருங்கக்கீரை இல்ல.”

லின்னுக்கே சமைக்கத் தெரியுமா என்று கேட்டதற்கு அவள் வெட்கத்தோடு சிரித்தாள். சின்ன வயதிலிருந்தே தையல் மிஷினில் உட்கார்ந்தவள். சாப்பாடு கீழேயிருந்து வரும். சாப்பிட்டுப் பழக்கமே தவிர, அடுப்படியில் நின்று பழக்கமில்லை. இராயப்பனுக்கும் அப்படியே. ஆக, அந்த வீட்டில் இரண்டு பேர் அந்தக் கறியைச் சாப்பிட்டவர்கள், ஒருவரும் செய்தவரில்லை. அக்காவோ அதைக் கண்ணாலும் பார்த்ததில்லை. அவள் அதிகபட்சம் போயிருக்கும் ஊர் கடலூர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராகப் பக்கிரி பாய் கடைக்குப் போனாள். எலும்பில்லாத சதையாக, வெட்டாமல் முழுத்துண்டாக வேண்டும் என்று கேட்டாள். “எலும்பு இல்லாத கறியில என்னா ருசி இருக்கப் போவுது?” என்று பாய் அங்கலாய்த்துக்கொண்டே கொடுத்தார். வீட்டுக்கு வந்து, எங்கள் தெருவில் மாட்டுக்கறி சமைக்கும் எந்த வீட்டிலும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். மஞ்சளும் உப்பும் போட்டு, மூடி வைத்து, குழைய வேகவைத்தாள். வெந்த கறியை வாணலியில் போட்டு, புட்டிச் சாற்றைத் தாராளமாக ஊற்றி வறுத்தாள்.

லின் ஒரு துண்டை வாயில் போட்டாள். மரியாதைக்காக மென்றாள். மரியாதைக்காக விழுங்கினாள். அதற்குமேல் மரியாதை தாங்கவில்லை, கொல்லைப்பக்கம் ஓடினாள்.

“மஞ்ச போடமாட்டாங்க அக்கா” என்றார் இராயப்பன்.

“மஞ்ச போடாம கறியா? கவுச்சி எப்புடிடா போவும்?”

“அவிக்கவும் மாட்டாங்க. பச்சைக் கறிய அப்புடியே சட்டியில போடுவாங்க.”

“இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னா?”

“நீ அவிப்பேன்னு யாருக்குத் தெரியும்?”

ஆனால் அவள் அவிக்காமல் வேறென்ன செய்வாள்? எங்கள் பக்கத்தில் மாட்டுக்கறி என்றால் முதல் வேலையே அதுதான்.

அடுத்த வாரம் அவிக்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு பச்சைக் கறியை வாணலியில் கொட்டினாள். சுர்ரென்று ஒரு சத்தம் எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு, படுத்திருந்த லின் எழுந்து வந்து அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கறி தண்ணீர் விட்டது. வாணலிக்குள் ஒரு குளமே கட்டிக்கொண்டது. சத்தம் அடங்கி, கறி சாம்பல் நிறத்தில் கொதிக்க ஆரம்பித்ததும் லின் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். தண்ணீர் வற்றியபோது கறி செருப்புத்தோல் மாதிரி இருந்தது. “கெழட்டு மாடு” என்றாள் அக்கா. ஆனால் இரவெல்லாம் வேறொன்றை யோசித்திருக்கிறாள். காலையில் என் அம்மாவிடம் சொன்னாள்: “சத்தம் இருந்த வரைக்கும் நின்னா. சத்தம் போனதும் போய்ட்டா. சத்தம் நிக்காம இருக்கணும், அவ்ளோதான்.”

சத்தம் நிற்காமல் இருக்க வேண்டுமானால் தீ வேண்டும். விறகடுப்புத் தீ போதவில்லை. அப்போதுதான் அவளுக்குத் தன் கொட்டகையே ஞாபகம் வந்தது. இஸ்திரிப் பெட்டிக்காக அவள் தினமும் கொட்டாங்கச்சியை எரித்துக் கரி போடுகிறவள். விசிறினால் அந்தக் கங்கு வெள்ளையாகவே ஜொலிக்கும், பக்கத்தில் முகத்தைக் காட்ட முடியாது. அந்தக் கங்கைக் கரியடுப்பில் நிறைத்தால்? அடுப்பு தயார். வாணலியோ கனமானது, சூடேறவும் நேரமாகிறது, தூக்கிக் குலுக்கவும் முடியாது. மெல்லிய இரும்புச் சட்டி வேண்டும். அது வேர்க்கடலை வறுக்கும் இராமதாஸிடம்தான் இருந்தது.

இராமதாஸ் எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி போட்டிருந்தவர். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. மாட்டுக்கறி வறுத்த சட்டியில நான் திரும்ப மல்லாக்கொட்ட வறுத்தா, இந்த ஊர்ல பாதிப்பேர் வாங்கமாட்டாங்க. நானே துன்னமாட்டேன்.”

“சரிதான். உன் பொழப்பைக் கெடுக்க நான் வரல” என்று அக்கா திரும்பினாள்.

“இருங்க, இருங்க” என்று அவரே கூப்பிட்டார். வண்டிக்கு அடியிலிருந்து கைப்பிடி ஒடிந்த ஒரு பழைய சட்டியை இழுத்துப் போட்டார். “இதை எடுத்துகினு போங்க. திருப்பி மட்டும் குடுத்துடாதீங்க.”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா அந்தச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, துணி உலர்த்தும் கொம்பில் ஒரு துண்டை அறுத்துக் கைப்பிடியாகக் கட்டினாள்.

மூன்றாவது முறை கறி வெட்டும்போது லின் தானாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா வெட்டுவதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு கறித்துண்டை மெதுவாக வாங்கி, குறுக்காகத் திருப்பி வைத்தாள். இழையோடு வெட்டக் கூடாது, இழைக்குக் குறுக்கே வெட்ட வேண்டும், அதுவும் மெல்லிசாக. அக்கா துணியின் நூலோட்டம் தெரிந்தவள். ஒரே பார்வையில் பிடித்துக்கொண்டாள். அடுத்து லின் விரல்களைத் தேய்த்துத் தேய்த்துக் காட்டி ஏதோ மாவு கேட்டாள். அரிசி மாவைக் காட்டினார்கள், இல்லை. கோதுமை மாவு, அதுவும் இல்லை. லின் எழுந்து போய்க் கொட்டகையிலிருந்து கஞ்சி மாவு டப்பாவை எடுத்து வந்தாள். மரவள்ளி மாவு. அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தன் தொழில் மாவே சீனத்துக் கறிக்கும் மாவு என்றால்! கறியை அதில் பிசறினாள், புட்டிச் சாற்றை ஊற்றினாள், கங்கை விசிறினாள், சட்டி புகைந்ததும் கறியைப் போட்டாள். சத்தம் கடைசிவரை நிற்கவில்லை.

தட்டில் எடுத்துப் பார்த்தபோது கறி ஓரமெல்லாம் ஊதாவாக இருந்தது.

அவசரத்துக்கு உதவும் என்று டப்பாவிலேயே மாவோடு துணிக்குப் போடும் நீலத்தையும் கலந்து வைத்திருந்ததை அவள் மறந்துவிட்டாள். ஈரம் படும்வரை அந்த மாவு வெள்ளையாகத்தான் தெரியும். தயாராகக் கலந்து வைப்பது அவள் வழக்கம், ஊரிலேயே அவள் மட்டும்தான் அப்படிச் செய்வாள், அதிலும் அவளுக்குப் பெருமை. இராயப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லின் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிக் குலுங்கிச் சிரித்து அந்த வீட்டில் பார்த்தது அன்றுதான் என்று அக்கா பிறகு சொன்னாள். ஆனால் அன்றைக்கு அக்கா சிரிக்கவில்லை. கறியைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்து புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. இன்னும் ஒரே ஒரு முறைக்கு வரும்.

அந்த ஒரு முறை தப்பக் கூடாது. அதனால் அதன்பிறகு சாறு ஊற்றாமலே பழகினாள். நீலம் படாத மாவு, உப்பு, மிளகுத்தூள், இஞ்சி பூண்டு, வெங்காயம். எவ்வளவு கங்கு, எவ்வளவு புகை வந்தபின் எண்ணெய், ஒரு கைக்குமேல் கறி போட்டால் எப்படித் தண்ணீர் விடுகிறது, எப்போது எடுத்தால் உள்ளே பஞ்சாக இருக்கிறது என்றெல்லாம் பார்த்தாள். தீ சீறி அவள் முன்நெற்றி முடி கருகியது. பழகிய கறியெல்லாம் இராயப்பன் வயிற்றுக்குள் போயிற்று. குழாயடியில் கன்னியம்மாள் விடவில்லை. “யாருக்கோ சதை வெக்கறேன்னு சொன்ன. சொல்தாவுக்கு இல்ல வெக்குது?”

நான் பரீட்சை முடித்துவிட்டு, கப்பலேறி எங்காவது போனால்தான் உலகத்தைப் பார்க்க முடியும் என்று அலைந்துகொண்டிருந்த காலம் அது. கடலூரைத் தாண்டாத அமலோற்பவம் அக்கா, சோலோன் நகரத்து அடுப்பு ஒன்றைத் தன் கொட்டகைக்குள் கொண்டுவருவதற்குத் தினமும் மல்லுக்கட்டியதைச் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தேன்.

வளைகாப்பு நாள் வந்தது. லின்னுக்குப் புதுப்புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வயிறு மட்டும்தான் தெரிந்தது. கைகள் குச்சியாக இருந்தன. கண்ணாடி வளையல்கள் முழங்கைவரை சரிந்து ஓடின. தெருப்பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மாட்டுக்கறி சாப்பிடாத வீட்டுக்காரர்களுக்காகத் தனியாக ஓர் அறையில் பலகாரம் வைத்திருந்தது.

சந்தனம் பூசப் போகும் நேரத்தில் கன்னியம்மாள்தான் கேட்டாள். “தாய் வீட்டுச் சோறு எங்க?”

வளைகாப்புக்குப் பெண்ணின் தாய் வீட்டார்தான் சமைத்து எடுத்து வர வேண்டும். அதைச் சாப்பிட்டுவிட்டு, பிரசவத்துக்குப் பெண் அவர்களோடு புறப்பட வேண்டும். அதுதான் முறை. கன்னியம்மாள் குத்திக் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். முறையைக் கேட்டாள்.

“சோலோன்லேருந்து யாருங்க வருவாங்க?” என்றார் இராயப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு. லின்னுக்கு வார்த்தை புரியவில்லை. ஊர்ப் பெயர் புரிந்தது. அவள் முகம் வாடிப்போயிற்று.

அமலோற்பவம் அக்கா அப்போது நாத்தனார் மரியாதையாகத் தனக்கென்று வாங்கி வைத்திருந்த புடவையோடு நின்றிருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் முதல் மரியாதை அவளுக்குத்தான். அந்தப் புடவையை லின் மடியில் வைத்தாள். விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனாள். கங்கு நிறைந்த அடுப்பைக் கந்தைத்துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் நடுவில் நடந்து, வாசற்படியைத் தாண்டித் தெருவில் இறங்கினாள். மறுபடி வந்து சட்டியையும் பிசறி வைத்திருந்த கறியையும் புட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள்.

“ஏண்டி, எங்க போற?”

“வரேன், இரு.”

எல்லோரும் சன்னலுக்கு ஓடினோம். நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து அவள் விசிறினாள். கங்கு வெளுத்தது. சட்டி புகைந்தது. எண்ணெய் விட்டு, இஞ்சி பூண்டைப் போட்டு, ஒரு கை கறியைப் போட்டாள். அந்தச் சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். கொம்புக் கைப்பிடியைப் பிடித்துச் சட்டியை ஒரு தூக்குத் தூக்கினாள். கறி மேலே போய்த் திரும்பிச் சட்டிக்குள்ளேயே விழுந்தது. ஒரு துண்டு மட்டும் தெருவில் விழுந்தது, அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. வெந்ததைத் தட்டில் எடுத்து வைத்தாள். அடுத்த கை, அதற்கடுத்த கை. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு, வெங்காயத்தாளை அள்ளிப் போட்டு, புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். கறுப்புச் சாறு சட்டியின் ஓரத்தில் பட்டுக் கொதித்து வந்த வாசனைக்கு லின் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள்.

அக்கா தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வாசற்படிக்கு வெளியே நின்றாள். உள்ளே வரவில்லை.

“மாப்பிள்ள வீட்டுல யாரும் இல்லையா? பொண்ணோட தாய் வீட்டுலேருந்து சோறு எடுத்துகினு வந்து வெயில்ல நிக்கிறோம். வாங்கன்னு கூப்புட ஒரு ஆளு இல்லையா?”

இராயப்பன்தான் முதலில் புரிந்துகொண்டு வாசலுக்குப் போனார். “வாங்க” என்றார். “உள்ள வாங்க.”

“அமலு, அப்ப நாத்தனார் மரியாதை?” என்று யாரோ கேட்டார்கள்.

“அது மாப்பிள்ள வீட்டாளுக்கு. நான் குடுக்க வந்தவ.”

கன்னியம்மாள் சிரித்தபடி எழுந்தாள். “பொண்ணு வீட்டுலேருந்து ஒருத்தி மட்டும் வந்தா நல்லாவா இருக்குது?” என்று எதிரே தன் வீட்டுக்குப் போனாள். காலையில் தனக்காகக் கிண்டிய புளிச்சோற்றைக் குண்டானோடு தூக்கிக்கொண்டு வந்தாள். “நான் பெரியம்மா முறை. அந்தக் கறிய மட்டும் என் பக்கத்துல கொண்டாராத.”

லின் சாப்பிட்டாள். வெறும் வெள்ளைச் சோற்றில் அந்தக் கறியைப் போட்டு, கையாலேயே, நிமிராமல் சாப்பிட்டாள். தட்டு காலியானதும் நிமிர்ந்து, “இன்னும்” என்றாள் தமிழில். அக்கா சட்டியை வழித்துப் போட்டாள். சாப்பிட்டு முடித்த பிறகு இராயப்பன் பிரெஞ்சில் ஏதோ கேட்க, லின் யோசித்துப் பதில் சொன்னாள்.

“என்னாடா சொல்றா?”

“அங்க இருந்ததைவிட இஞ்சி கொஞ்சம் தூக்கலா இருக்குதாம்.”

“இருக்கட்டும். வேற ஏதாவது கொற உண்டான்னு கேளு.”

இல்லை என்று லின் தலையாட்டினாள். அக்கா கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். கன்னியம்மாளிடம் வந்ததும் அந்தப் பார்வை சற்றே கூடுதலாக நின்றது. கன்னியம்மாள், “சரிடி, சரிடி, நாளைக்கு வந்து தண்ணி புடி” என்றாள்.

வளையல் அடுக்கி, சந்தனம் பூசி எல்லாம் முடிந்ததும் அமலோற்பவம் அக்கா எழுந்து லின்னின் கையைப் பிடித்தாள்.

“அப்ப நாங்க பொண்ணக் கூட்டிகினு கெளம்பறோம், மாப்பிள்ள.”

“எங்க அக்கா?” என்றார் இராயப்பன்.

“அக்காவா? யாரு அக்கா?”

எல்லோரும் சிரிக்க, அவள் சிரிக்காமல் லின்னை வாசற்படி இறக்கி, மெதுவாகத் தெருவோடு நடத்திக்கொண்டு போனாள். வளையல்கள் குலுங்கின. இராமதாஸ் வண்டியை ஓரமாக ஒதுக்கி வழிவிட்டார். முனை திரும்பி, சந்து வழியாகப் போய், வீட்டின் பின்பக்கம் இஸ்திரிக் கொட்டகையின் தனி வாசல் வழியாக அவளை உள்ளே அழைத்துப் போனாள். அங்கே, துணி அடுக்கும் இடத்தைக் காலி செய்து, கஞ்சி போட்ட வெள்ளை விரிப்போடு ஒரு கட்டில் போட்டிருந்தது.

சாயங்காலம் இராயப்பன் கொட்டகைக் கதவைத் தட்டினார். தன் மனைவியைப் பார்க்க வேண்டும் என்றார். அக்கா கதவைப் பாதி திறந்தாள்.

“இப்பதான் சாப்புட்டுத் தூங்குறா. தாய் வீட்டுக்கு வந்த பொண்ண அதுக்குள்ள பாக்க வந்துட்டீங்களா? ஞாயித்துக்கிழம வாங்க மாப்பிள்ள. வரும்போது பாய் கடையில ஒரு கிலோ சதைக்கறி வாங்கியாங்க. எலும்பு இல்லாம.”